போரைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு ஊரைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசும் அப்பச்சி

கேள்வி: சென்னிமலைக்காரி

அனைவருக்கும் வணக்கம். நான் அரசுப் பள்ளி ஒன்றில் வரலாறு கற்பிக்கிறேன். என் அப்பச்சிக்கு, அதாவது அம்மாவின் தந்தைக்கு, இப்போது 82 வயது. 1962ஆம் ஆண்டுச் சீனப் போருக்குப் பிறகு படைக்கு ஆள் எடுப்பது பெருகியிருந்த சமயத்தில், 1963இல், மதராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்து, வெலிங்டனில் பயிற்சி முடித்து, 1965, 1971 ஆகிய இரண்டு போர்களையும் பார்த்து, 1980இல் ஹவில்தாராக ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர். ஊரில் எங்கள் வீட்டுக்கு இன்றும் 'பட்டாளத்தார் வீடு' என்றுதான் பெயர்.

கோடை விடுமுறையில் அவருடைய போர் நினைவுகளைக் கைப்பேசியில் பதிவு செய்து வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். குளிர், காலில் கொப்புளம், தாமதமாக வந்த கடிதங்கள் என்று பத்து நிமிடத்தில் போரை முடித்துவிட்டார். பிறகு நான் கேட்காமலேயே ஊரைப் பற்றித் தொடங்கி இரண்டு மணி நேரம் பேசினார். பேச்சில் இருந்த சினம் எனக்குப் புதிது.

அதில் ஒரு பகுதி எனக்கு விளங்குகிறது. பணியில் சேர்த்த பணத்தையெல்லாம் போட்டு நொய்யல் ஆற்றை ஒட்டி நான்கு ஏக்கர் வாங்கினார். 1992இல் ஒரத்துப்பாளையம் அணை கட்டி முடிக்கப்பட்டபோது, நம் பக்கத்துக்கும் கரூர்ப் பக்கத்துக்கும் பாசனம் வந்துவிட்டது என்று மகிழ்ந்தவர்களில் அவரும் ஒருவர். அந்த அணையில் தேங்கியது திருப்பூர்ச் சாயக்கழிவுதான் என்பதும், கிணறுகள் உவர்த்துப்போனதும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட சாய ஆலைகளை மூடச் சொன்னதும் இங்கே உள்ள எல்லோருக்கும் தெரிந்த செய்திகள். அந்த நிலத்தில் இப்போது சீமைக்கருவேலம் நிற்கிறது.

விளங்காத பகுதி வேறு. பக்கத்துத் தறிக்கூடத்தில் வேலை செய்யும் ஒடிசாப் பையன்களிடம் அவர் மாலை நேரங்களில் இந்தியில் பேசிக்கொண்டிருப்பார். நம் ஆட்கள் அவர்களை ஏளனமாகப் பேசினால் கடுமையாகக் கோபித்துக்கொள்வார். ஆனால் 1965இல் சென்னை மாநிலம் முழுவதும் இந்தி எதிர்ப்புப் போராட்டம் நடந்து, பொள்ளாச்சியில் துப்பாக்கிச் சூடு நடந்த அந்த நாள்களைக் கேட்டால், போராடியவர்கள் செய்தது சரிதான் என்று தயங்காமல் சொல்கிறார். அப்போது அவர் முகாமில் ரோமன் எழுத்தில் இந்தி படித்துக்கொண்டிருந்தவர். பெண்கள் வேலைக்குப் போவதை மனதாரப் பாராட்டுகிறார். அதே மூச்சில், 'ஊரில் ஒழுக்கமே போய்விட்டது' என்கிறார். என்ன ஒழுக்கம் என்று கேட்டால் விளக்கம் வரவில்லை.

இது எல்லா முதியவர்களும் பேசும் 'அந்தக் காலம்' பேச்சுத்தானா? அல்லது போருக்குப் போய் வந்தவர்கள் ஊரின் மாற்றத்தைப் பார்க்கும் விதத்திலேயே ஏதேனும் தனித்தன்மை உண்டா? முன்னாள் படைவீரர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் இங்கே இருந்தால் சொல்லுங்கள்.

மறுமொழி 1: ஓய்வுபெற்ற சேப்பர், கோபி

அம்மிணி, உன் அப்பச்சியைவிட நான் ஆறேழு வயது இளையவன். 1968இல் பெங்களூரில் மதராஸ் சேப்பர் என்ற பொறியாளர் படையில் சேர்ந்தேன். 1971இல் கிழக்கு முனையில் இருந்தேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில், போர்ப் பேச்சு ஏன் பத்து நிமிடத்தில் முடிகிறது என்பது. சிப்பாய்க்குத் தெரிந்த போர் மிகச் சிறியது. 1971 டிசம்பர் 16 அன்று டாக்காவில் சரணடைவு நடந்ததையும், ஏறத்தாழ 93,000 பேர் பிடிபட்டதையும் நான் பிற்பாடு டிரான்சிஸ்டரில் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அந்த நேரத்தில் நான் இடுப்பளவு நீரில் நின்று, மிதவைப் பாலத்துக்குக் கயிறு பிடித்துக்கொண்டிருந்தேன். என்னிடம் கேட்டாலும் நீரின் குளிரைப் பற்றித்தான் சொல்வேன்.

அடுத்தது, நீ கேட்ட தனித்தன்மை. எங்களுக்கு ஆண்டுக்கு 60 நாள் விடுப்பு. ஊரில் இருந்தவர்கள் மாற்றத்தோடு கூடவே வாழ்ந்தார்கள்; நாங்கள் அதை ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் பார்த்தோம். நான் படைக்குப் போகும்போது எங்கள் கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைத்துக்கொண்டிருந்தார்கள். மாடுகள் சரிவில் இறங்கும்போது உருளை கிறீச்சிடும். சால் மேலே வந்து கவிழும்போது அந்தச் சத்தம் நின்றுபோகும். விடியற்காலையில் அந்தச் சத்தம் நின்று நின்று கேட்பதுதான் எனக்கு ஊர். ஒரு விடுப்பில் வந்தேன், மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த விடுப்பில் மாடுகள் இல்லை. விற்றது எப்போது, யாருக்கு, அன்று அம்மா அழுதாரா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. என் தம்பி அந்த மாடுகளைக் கயிற்றைப் பிடித்து ஓட்டிக்கொண்டுபோய் அந்தியூர்ச் சந்தையில் விற்றவன். அவனுக்கு அது முடிந்துபோன காரியம். எனக்கு இன்னும் முடியவில்லை. உன் அப்பச்சியின் சினத்தில் பாதி இதுவாக இருக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. 1970 ஜூன் மாதம் பெருமாநல்லூரில், மின்கட்டண உயர்வை எதிர்த்துப் போராடிய விவசாயிகள் மீது போலீஸார் சுட்டதில் மூன்று பேர் இறந்தார்கள். நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் சங்கம் வலுப்பெற்றுக்கொண்டிருந்த காலம் அது. என் தந்தையும் அந்தச் சங்கத்தில் இருந்தார். முகாமுக்கு இன்லண்டு கடிதம் வந்தது. 'உன் மாதிரி சட்டை போட்டவங்கதான் சுட்டாங்க' என்று எழுதியிருந்தார். என் உடுப்பு பச்சை, போலீஸாருடையது காக்கி; அவருக்கு அந்த வேறுபாடு பொருட்டாகப் படவில்லை. அடுத்த விடுப்பில் வந்தபோது ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. எந்தப் பக்கம் நிற்பது என்று ஊரில் யாரும் என்னைக் கேட்கவும் இல்லை. உன் அப்பச்சி இந்தியைப் பற்றி இரண்டு விதமாகப் பேசுவது உனக்கு முரணாகத் தெரிகிறது. எனக்கு அப்படித் தெரியவில்லை. முகாமில் இந்தி அவருக்குச் சோறு போட்டது, ஊரில் அதே மொழிக்காகத் தன் வயதுப் பையன்கள் அடிபட்டார்கள். இரண்டும் அவருக்கு நேர்ந்தவை.

'ஒழுக்கம்' என்ற சொல்லுக்கு வருகிறேன். நாங்கள் எல்லோரும் அதைச் சொல்கிறோம். வேறு சொல் கிடைக்காததால் சொல்கிறோம் என்று நினைக்கிறேன். படையில் நான் உறங்கும்போது இன்னொருவன் காவல் நின்றான். அவன் உறங்கும்போது நான் நின்றேன். ஊரிலும் அதுபோன்ற ஒன்று இருந்தது. கீழ்பவானிப் பாசனம் முறைப்பாசனம். மொத்தம் 2,07,000 ஏக்கர். ஒற்றைப்படை மதகுகளுக்கு ஒரு முறை, இரட்டைப்படை மதகுகளுக்கு மறுமுறை என்று 1,03,500 ஏக்கராகப் பிரித்துத் தண்ணீர் விடுவார்கள். கிளை வாய்க்காலில் அவரவர் முறைக்கு இரவு இரண்டு மணிக்கும் மண்வெட்டியோடு போய் நிற்க வேண்டும். என் முறை முடிந்தால் அடுத்த காட்டுக்காரரை எழுப்பிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன். ஆழ்துளைக் கிணறும், 1990இல் கிடைத்த இலவச மின்சாரமும் வந்த பிறகு யாரையும் எழுப்ப வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. அந்த மின்சாரத்துக்காக உயிர் போயிருக்கிறது, அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனாலும் ஆயிரம் அடிக்குத் துளை போட்டும் புழுதி பறக்கும்போது மனம் பழையதை நினைக்கிறது.

படையில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி நினைப்பதாகவும் எண்ணிவிடாதே. கீழ்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடும் பிரச்சினையில் எங்கள் ஊரில் ஆதரவுப் பக்கம் ஒரு முன்னாள் சுபேதார், எதிர்ப்புப் பக்கம் நான். ராணுவக் கேண்டீனில் பொருள் வாங்கப் போகும்போது ஒரே வண்டியில் போகிறோம். வாய்க்காலைப் பற்றி மட்டும் பேசிக்கொள்வதில்லை.

மறுமொழி 2: வெள்ளகோவில் வாசகன்

சேப்பர் ஐயா எழுதியதை மதிப்போடு படித்தேன். ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த முறைத் தண்ணீரில் எங்களுக்கு முறை இல்லை. எங்களுக்கு நிலமே இல்லை.

என் தந்தை அருந்ததியர். 1973இல் படையில் சேர்ந்து 1990இல் நாயக்காக ஓய்வு பெற்றார். அவருடைய பேச்சில் 'அந்தக் காலம் போயிற்றே' என்ற ஏக்கத்தை நான் ஒருநாளும் கேட்டதில்லை. லங்கரில், அதாவது படையின் சமையற்கூடத்தில், எல்லோருக்கும் ஒரே அண்டாவிலிருந்து பருப்பு. வரிசையில் முன்னால் நின்றவன் எந்தச் சாதி என்று யாரும் கேட்கவில்லை. அந்தப் பழக்கத்தோடு முதல் விடுப்பில் வந்தவர், ஊர்த் தேநீர்க் கடையில் வழக்கம்போலக் கூரையில் செருகியிருந்த தனிக் குவளையை எடுத்துக் கழுவிக் குடிக்க வேண்டியிருந்தது. இரண்டாவது விடுப்பிலிருந்து அவர் அந்தக் கடைக்குப் போகவில்லை. படையில் கொடுத்த எனாமல் குவளையைக் கொண்டுவந்து, வீட்டுத் திண்ணையில் சாலையைப் பார்த்து உட்கார்ந்து குடிப்பார். அந்தக் குவளை, விளிம்பில் நீலப் பூச்சு உதிர்ந்து, இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது.

திருப்பூர் பனியன் கம்பெனிகள் நொய்யலைக் கெடுத்தன என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் என் அத்தைமார் இருவர் பண்ணையத்து வேலையை விட்டுவிட்டு அந்தக் கம்பெனிகளில் சேர்ந்தபோது, சனிக்கிழமைதோறும் கையில் எண்ணிக் கொடுத்த கூலிதான் அவர்கள் முதன்முதலில் தங்களுடையது என்று பார்த்த பணம். ஆண்டுக் கணக்கில் முன்பணம் வாங்கிக்கொண்டு ஒரே தோட்டத்தில் கிடந்த எங்கள் பெரியப்பாவுக்கு அது வாய்க்கவில்லை. ஊர் குலைந்துபோனது என்று சிலர் வருந்தும் அதே ஆண்டுகளில் எங்கள் தெருவில் வீடுகளுக்குக் கான்கிரீட் கூரை ஏறியது. 2009இல் பட்டியல் சாதியினருக்கான ஒதுக்கீட்டுக்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தபோது என் தந்தை, டிரங்குப் பெட்டியிலிருந்து பதக்கங்களை எடுத்துத் துடைத்துச் சட்டையில் குத்திக்கொண்டு கடைவீதி வரை நடந்து போய் வந்தார். அவ்வளவுதான், யாரிடமும் எதுவும் பேசவில்லை. 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உள் ஒதுக்கீடு செல்லும் என்று தீர்ப்பளித்ததைக் கேட்க அவர் இல்லை.

ஆசிரியை அவர்களே, முன்னாள் படைவீரர் சமூக மாற்றத்தை எப்படிப் பார்க்கிறார் என்று கேட்பதற்கு முன், அவர் எந்தத் தெருவிலிருந்து புறப்பட்டுப் போனார் என்று கேளுங்கள்.

மறுமொழி 3: ஓய்வுபெற்ற சேப்பர், கோபி

தம்பி சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. சொல்லாமல் வைத்திருந்த ஒன்றைச் சொல்கிறேன்.

எங்கள் ஊரிலிருந்தே உங்கள் சமூகத்தைச் சேர்ந்த ஒருவர் என் கம்பெனியில் இருந்தார். பெங்களூரிலும் கிழக்கு முனையிலும் ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறோம். 1972இல் இருவருக்கும் ஒரே சமயத்தில் விடுப்பு கிடைத்தது. ஈரோட்டில் இறங்கி, பேருந்து மாறி, கடைசி இரண்டு மைல் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டே நடந்தோம். ஊர் எல்லையில் வேப்பமரம் தெரிந்ததும் அவர் நடையைக் குறைத்தார். நான் சொல்லவில்லை, அவராகவே பத்தடி பின்தங்கி வந்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த விடுப்பு முழுவதும் அவரை நான் சந்திக்கவில்லை. திரும்பிப் போகும்போது ரயிலில் வழக்கம்போலப் பேசிக்கொண்டோம்.

தண்ணீர் முறையைப் பற்றி நான் எழுதியதை அழிக்கவில்லை. அதற்கு அடியிலேயே இதுவும் இருக்கட்டும்.

மறுமொழி 4: சத்திக்காரன்

மேலே பேசியவர்களின் போர்களுக்கு ஊரில் மாலை மரியாதை கிடைத்தது. நான் 1987இலிருந்து 1989 வரை அமைதிப் படையில் யாழ்ப்பாணத்தில் இருந்தவன். தமிழ் தெரிந்தவன் என்பதால் சோதனைச் சாவடிகளில் மொழிபெயர்க்க என்னைத்தான் முன்னால் நிறுத்துவார்கள். வீட்டுக்கார அம்மா கெஞ்சுவதைக் கேட்டு இந்தியில் அதிகாரிக்குச் சொல்லி, அவர் சொல்வதைத் தமிழில் திருப்பிச் சொல்ல வேண்டும். கெஞ்சலும் கட்டளையும் என் வாய் வழியாகவே போய் வந்தன.

அந்தப் படையில் ஏறத்தாழ 1,200 பேர் இறந்தார்கள். 1990 மார்ச்சில் கடைசி அணி சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது, அன்றைய முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அதற்கு முன்பே விடுப்பில் வந்த என்னை, 'தமிழனைச் சுடவா போனாய்?' என்று எங்கள் ஊர் முடிதிருத்தும் கடையில் வைத்துக் கேட்டார்கள். சுவரெங்கும் புலிகளின் படம். 1991 மே 21 அன்று ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். இரண்டே நாளில் அந்தச் சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. முன்பு என்னைக் கேள்வி கேட்டவர்களில் ஒருவர் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, 'நீங்கள் அன்றைக்கே சரியாகச் செய்தீர்கள்' என்றார். இரண்டு முறையும் நான் வாய் திறக்கவில்லை. ஆகவே இன்று கைப்பேசியில் வீரவணக்கப் படங்களை அனுப்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பெருமையும் வருவதில்லை, கோபமும் வருவதில்லை. சமூகத்தின் கருத்து எவ்வளவு விரைவில் திரும்பும் என்பதைப் பார்த்துவிட்டேன்.

பவானிசாகரில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. அங்கிருந்து வந்து சந்தையில் கீரை விற்கும் ஒரு முதியவளிடம் பல ஆண்டுகளாக வாங்கிவருகிறேன். ஒருநாள் என்னையறியாமல் யாழ்ப்பாணப் பேச்சில் 'விளங்கேல்ல' என்று சொல்லிவிட்டேன். அவர் கட்டைக் கட்டுவதை நிறுத்திவிட்டு, 'தம்பி அங்க இருந்தனீங்களோ?' என்றார். ஆமாம் என்றேன். சிறிது நேரம் என்னைப் பார்த்தார். பிறகு கீரையைக் கொடுத்துவிட்டுச் சில்லறையைச் சரியாக எண்ணித் தந்தார். அதற்குப் பிறகும் அவரிடம்தான் வாங்குகிறேன். அவர் அதைப் பற்றிப் பேசுவதில்லை, நானும் பேசுவதில்லை.

மறுமொழி 5: ஓட்டக்காரன், நாமக்கல்

நான் அக்னிவீர் தேர்வுக்குத் தயாராகும் 19 வயதுக்காரன். பெரியவர்கள் நடுவே பேசுவதற்கு மன்னிக்கவும். 2022இல் படைக்கு ஆள் எடுக்கும் இந்த அக்னிபத் திட்டம் வந்த பிறகு நான்கு ஆண்டுப் பணிதான், அதிகபட்சம் 25 விழுக்காட்டினருக்கே அதற்கு மேல் தொடர வாய்ப்பு. காலையில் என்னோடு ஓட வரும் தாத்தா ஒருவர் முன்னாள் படைவீரர். இதைப் பற்றி அவரிடம் கேட்டபோது, ஓய்வூதியம் இல்லாததைத்தான் குறையாகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர், 'நாலு வருசத்துல திரும்பி வந்தா ஊரு உன்னைப் போனவனாவே நினைக்காதே, அப்பறம் வந்தவன்னு எப்படிடா நினைக்கும்?' என்றார். இங்கே எழுதியிருப்பதைப் படித்த பிறகுதான் அவர் சொன்னது ஓரளவு புரிகிறது.

சேப்பர் ஐயாவிடம் ஒரு கேள்வி: பதிவு செய்பவர் எங்கிருந்து தொடங்கினால் நல்லது?

மறுமொழி 6: ஓய்வுபெற்ற சேப்பர், கோபி

போரிலிருந்து தொடங்க வேண்டாம், விடுப்பிலிருந்து தொடங்கட்டும். எந்த ஆண்டு எந்த மாதம் விடுப்பு, எந்த ரயில், ஊரில் முதலில் எதைப் பார்த்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டால் போதும். சிப்பாய் போர்த் தேதிகளை மறந்தாலும் விடுப்புத் தேதிகளை மறக்க மாட்டான்.

கேள்வி கேட்டவரின் பதில்: சென்னிமலைக்காரி

எல்லோருக்கும் நன்றி. வெள்ளகோவில் அன்பரின் கேள்வியை முதலில் கேட்டேன். 'நம்ம தெருவுலிருந்துதான் போனேன், வேறெங்கிருந்து?' என்றார் அப்பச்சி. பிறகு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. அதை நான் அப்படியே பதிவில் விட்டிருக்கிறேன்.

சேப்பர் ஐயா சொன்னபடி விடுப்பு விடுப்பாகக் கேட்கத் தொடங்கியிருக்கிறேன். ஈரோட்டில் இறங்கி வீட்டுக்கு வந்ததும், மூன்று நாள் ரயில் கரி போக முதலில் நொய்யலுக்குத்தான் போவாராம். எந்த விடுப்பில் முழங்கால் அளவு நீர், எந்த விடுப்பில் மணலில் ஊற்றுத் தோண்டிக் குளித்தார் என்பதெல்லாம் ஆண்டுவாரியாக நினைவில் வைத்திருக்கிறார். 1976க்கு வந்ததும் நிறுத்தினார். 'அந்த லீவுல ஆத்துக்குப் போகலே அம்மிணி' என்றார். ஏன் என்று கேட்டேன். அவருடைய ஐயன், அதாவது தந்தை, இறந்துபோன தந்தி அவர் கைக்குக் கிடைப்பதற்குள் இங்கே காரியமே முடிந்துவிட்டிருந்ததாம். பேருந்திலிருந்து இறங்கியவரை யாரோ நேராகக் காட்டுக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள்.

இன்னும் மூன்று விடுப்புகள் மீதி இருக்கின்றன. வரும் சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.